பிறந்த மண்ணில் மகனுக்கு வாக்கு இல்லையா? நூமியாவிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: வழக்கறிஞர் அம்மா அவர்களுக்கு வணக்கம். நான் காரைக்காலில் பிறந்தவன். அப்பா பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வுபெற்ற சொல்தா. 1962-63இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தவர். அந்த வழியில் நானும் பிரெஞ்சுக் குடிமகன். 2006 முதல் மனைவியோடு, பசிபிக் கடலில் உள்ள பிரெஞ்சு ஆட்சிப்பகுதியான நியூ கலிடோனியாவின் தலைநகரமான நூமியாவில் இருக்கிறேன்; மருத்துவமனையில் செவிலியர் வேலை. எங்கள் மகன் 2007இல் இங்கேயே பிறந்தான், இங்கேயே படித்தான். இந்த ஆண்டு 18 வயது நிறைந்தது. அதிபர் தேர்தலில், மேயர் தேர்தலில் எல்லாம் நான் வாக்களித்திருக்கிறேன். மாகாணத் தேர்தலில் மட்டும் எனக்கு வாக்கில்லை. மூன்று சுதந்திர வாக்கெடுப்புகளிலும் வெளியே நின்று பார்த்தேன். பரவாயில்லை, நாம் வந்தவர்கள் என்று விட்டுவிட்டேன். இப்போது மகனுக்கும் கிடையாது என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் இன்னொரு பிரெஞ்சுத் தீவான ரீயூனியனிலிருந்து 1996இல் வந்தவர். அவர் மகளும் என் மகனும் ஒரே வகுப்பு. அந்தப் பெண்ணுக்கு வாக்கு உண்டாம். இது எப்படி நியாயம்? பத்து ஆண்டு குடியிருந்தால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். வழக்குப் போடலாம் என்று நண்பர்கள் பணம் திரட்டுகிறார்கள். நானும் சேரலாமா? மகன் அடுத்த ஆண்டு படிப்புக்காகப் பிரான்சில் உள்ள மோன்பெலியே போகிறான். அதனால் ஏதும் பாதிப்பு வருமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

மகனைப் பற்றிய கேள்விக்கே முதலில் வருகிறேன். இதை எழுதும் 2025 டிசம்பர் நிலவரப்படி அவருக்கு மாகாணத் தேர்தலில் வாக்கு இல்லை. உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் இல்லை. யாரோ எழுத்தர் பெயரை விட்டுவிட்டார் என்றால் மனுக் கொடுத்துத் திருத்திவிடலாம். இது அப்படிப்பட்ட பிழை அல்ல, சட்டமே இதுதான். நீங்கள் இன்னும் இருபது ஆண்டு அங்கே வாழ்ந்தாலும் சட்டம் மாறாதவரை நிலைமை மாறாது. இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் பொய் நம்பிக்கை தந்தால் நீங்கள் பணத்தையும் ஆண்டுகளையும் இழப்பீர்கள்.

ஏன் இப்படி என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். உங்கள் மற்றக் கேள்விகளுக்கான விடைகளும் அதற்குள்ளேதான் இருக்கின்றன.

நியூ கலிடோனியாவில் வாக்காளர் பட்டியல் ஒன்றல்ல. பொதுப் பட்டியல் என்று ஒன்று உண்டு. அதிபர், நாடாளுமன்றம், ஐரோப்பிய நாடாளுமன்றம், நகராட்சி ஆகியவற்றுக்கான தேர்தல்களுக்கு அதுதான் பயன்படுகிறது. அதில் உங்கள் பெயர் இருக்கிறது. மாகாணத் தேர்தலுக்கு ஒரு சிறப்புப் பட்டியல். சுயநிர்ணய வாக்கெடுப்புக்கு இன்னொரு சிறப்புப் பட்டியல். பொதுப் பட்டியலில் இருந்தும் மாகாணப் பட்டியலில் இடம் இல்லாதவர்களின் பெயர்கள் ஒரு துணை அட்டவணையில் எழுதி வைக்கப்படும். நீங்கள் இப்போது இருப்பது அந்தத் துணை அட்டவணையில்.

நீங்கள் இழப்பது சின்ன விஷயம் அல்ல. தெற்கு, வடக்கு, லாயல்டி தீவுகள் என்ற மூன்று மாகாணங்களுக்கும் முறையே 40, 22, 14 என்று 76 உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். அவர்களில் 54 பேர் சேர்ந்ததுதான் நியூ கலிடோனியாவின் காங்கிரஸ். அந்தக் காங்கிரஸ்தான் உள்ளூர் அரசாங்கத்தைத் தேர்ந்தெடுக்கிறது, நாட்டுச் சட்டங்கள் என்ற பெயரில் சட்டம் இயற்றுகிறது, வரியையும் விதிக்கிறது. நீங்கள் கட்டும் வருமான வரியைத் தீர்மானிப்பது பாரிஸ் அல்ல, நூமியா. வரி கட்டுகிற ஒருவருக்கு அதைத் தீர்மானிக்கும் அவையைத் தேர்ந்தெடுக்க உரிமை இல்லை என்றால் வலிக்கத்தான் செய்யும். அந்த வலியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

இனி பக்கத்து வீட்டுப் பெண்ணின் கதைக்கு வருவோம். நியூ கலிடோனியாவுக்கென்று 1999 மார்ச் 19ஆம் தேதியிட்ட அடிப்படைச் சட்டத்தின் 188ஆம் பிரிவு, மாகாணப் பட்டியலுக்கு மூன்று வழிகளை வைத்திருக்கிறது. 1998 நவம்பர் 8 அன்று, பிரெஞ்சு அரசும் உள்ளூர்க் கட்சிகளும் செய்துகொண்ட நூமியா உடன்பாட்டை ஏற்பதா என்று ஒரு வாக்கெடுப்பு நடந்தது. சுமார் 72 விழுக்காட்டினர் ஏற்றார்கள். அந்த வாக்கெடுப்பில் கலந்துகொள்ளும் தகுதி உள்ளவர்கள், அதாவது பத்து ஆண்டுகளுக்கு முன்பிருந்தே, 1988 நவம்பர் முதல் அங்கே குடியிருந்தவர்கள், முதல் வழியில் வருகிறார்கள். அந்த நாளில் நியூ கலிடோனியாவில் வாக்காளராக இருந்தும் பத்து ஆண்டு நிறையாததால் துணை அட்டவணையில் எழுதப்பட்டவர்கள், பத்து ஆண்டு நிறைந்தபின் இரண்டாவது வழியில் வருகிறார்கள். 1998 அக்டோபர் 31க்குப் பிறகு 18 வயதை எட்டிய இளையவர்களுக்கு மூன்றாவது வழி. அவர்களுக்கே 1998இல் பத்து ஆண்டுக் குடியிருப்பு இருந்திருக்க வேண்டும், அல்லது தாய் தந்தையரில் ஒருவர் முதல் வழிக்காரராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் அந்த 1998 துணை அட்டவணையில் இருந்து, பிள்ளை தேர்தல் நாளில் பத்து ஆண்டு அங்கே குடியிருந்திருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் 1996இல் வந்தார். 1998இல் அவர் பெயர் துணை அட்டவணையில் ஏறியிருக்க வேண்டும். 2006இல் அவருக்குப் பத்து ஆண்டு நிறைந்துவிட்டது. அவர் மகள் மூன்றாவது வழியில் வந்துவிட்டாள். நீங்கள் வந்தது 2006. உங்கள் மகன் பிறந்த மருத்துவமனை, படித்த பள்ளி, பேசும் மொழி, விளையாடிய தெரு எல்லாம் அந்தப் பெண்ணுக்கும் ஒன்றாகவே இருக்கலாம். சட்டம் கேட்பது ஒரே கேள்வி: 1998 நவம்பரில் உன் அப்பாவோ அம்மாவோ எங்கே இருந்தார்கள்? உங்களுக்கு விடை காரைக்கால்.

பத்து ஆண்டுகள் போதும் என்ற பேச்சும் வெறும் வதந்தி அல்ல. அதற்கு வேர் இருக்கிறது. 1999இல் அந்த அடிப்படைச் சட்டம் பிரெஞ்சு அரசியலமைப்பு மன்றத்தின் முன் சென்றபோது, யார் எப்போது வந்தாலும் பத்து ஆண்டு நிறைந்தால் வாக்கு உண்டு என்றே மன்றம் பொருள்கொண்டது. அந்த மண்ணின் பூர்வகுடிகளான கனாக் மக்களின் தலைவர்கள் அதை ஏற்கவில்லை. நாங்கள் கையெழுத்திட்டது அதற்கு அல்ல, 1998இல் இருந்தவர்களோடு பட்டியல் நிற்கும் என்ற வாக்குறுதிக்கே என்றார்கள். எட்டு ஆண்டு இழுபறிக்குப் பிறகு 2007 பிப்ரவரியில் வெர்சாயில் கூடிய பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அரசியலமைப்பின் 77ஆம் பிரிவைத் திருத்தின. துணை அட்டவணை என்றால் 1998 நவம்பர் 8க்காக எழுதப்பட்ட அட்டவணை மட்டுமே என்று அதில் எழுதப்பட்டது. ‘உறைந்த வாக்காளர் தொகுதி’ என்று அங்கே எல்லோரும் சொல்வது இதைத்தான். உங்கள் நண்பர்களில் சிலர் 2007க்கு முந்திய பொருளை இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். வேறு சிலர் 2024இல் கொண்டுவந்து கைவிடப்பட்ட திருத்தத்தைச் சட்டமாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்று வாக்கெடுப்புகளிலும் உங்களுக்கு வாக்கில்லாமல் போனதற்குக் காரணம் வேறொரு கணக்கு. அதற்கு இருபது ஆண்டுத் தொடர்ந்த குடியிருப்பு வேண்டும், அதுவும் 2014 டிசம்பர் 31க்குள் நிறைந்திருக்க வேண்டும். 1994 முடிவதற்குள் வந்திராதவருக்கு அந்த வழியில் இடமில்லை.

இப்படி ஒரு விதி எந்தக் குடியரசிலாவது இருக்கலாமா என்று நீங்கள் கேட்கிறீர்கள். நானும் சட்டம் படித்த காலத்தில் இதைக் கேட்டு முகம் சுளித்தவள்தான். அந்த மண்ணின் வரலாற்றைப் படித்த பிறகு முகச்சுளிப்பு நின்றது.

1853இல் பிரான்ஸ் அந்தத் தீவைத் தனதாக்கியது. 1864 முதல் கைதிகளை அனுப்பிக் குடியேற்றியது. கனாக் மக்கள் ஒதுக்கப்பட்ட நிலங்களுக்குள் தள்ளப்பட்டார்கள். 1887 முதல் 1946 வரை அவர்களுக்கென்று தனித் தண்டனைச் சட்டம் இருந்தது. 1946இல் குடியுரிமை வந்தது, ஆனால் வாக்கு எல்லோருக்கும் வரவில்லை. எல்லா கனாக் பெரியவர்களுக்கும் வாக்குரிமை வந்தபோது 1957 ஆகிவிட்டது. அந்த வாக்கு கையில் வந்து பதினைந்து ஆண்டு ஆவதற்குள், 1972 ஜூலையில் பிரதமர் பியேர் மெஸ்மர் தம் அமைச்சருக்கு ஒரு கடிதம் எழுதினார். மண்ணின் மக்களிடம் ஒரு தேசிய எழுச்சி வராமல் இருக்க வேண்டுமானால் பசிபிக்கைச் சேராதவர்கள் பெரும்பான்மையாக வேண்டும், அதற்குப் பிரான்சிலிருந்தும் மற்றக் கடல்கடந்த மாவட்டங்களிலிருந்தும் ஆட்களைத் திட்டமிட்டு அனுப்ப வேண்டும் என்பதே அதன் சாரம். நிக்கல் வியாபாரம் கொழித்த காலம் அது, ஆட்கள் வந்தார்கள். 1960களிலேயே தங்கள் மண்ணில் பாதிக்கும் குறைவாகிவிட்டிருந்த கனாக் மக்களின் பங்கு 1970களில் மேலும் சரிந்தது. 2019 கணக்கெடுப்பில் 2,71,407 பேர் கொண்ட தீவில் அவர்கள் 41 விழுக்காடு.

அடுத்தவர் வந்து குடியேறுவதால் எல்லா ஊரிலும் மக்கள்தொகை மாறுகிறது, உண்மை. ஆனால் விடுதலை வேண்டும் என்று ஒரு மக்கள் கேட்கும்போது, அவர்களை வாக்கெண்ணிக்கையில் தோற்கடிப்பதற்காகவே அரசு ஆட்களை அனுப்பினால், பிறகு நடத்தும் எந்த வாக்கெடுப்பும் நேர்மையானது என்று அந்த மக்களை நம்பவைக்க முடியாது. 1984 நவம்பர் 18 அன்று கனாலா ஊரில் எலுவா மசோரோ என்ற தலைவர் கோடரியால் வாக்குப்பெட்டியைப் பிளந்தார். அந்தப் படம் உலகெங்கும் போனது. வாக்குப்பெட்டியின் மேல் அத்தனை கோபம் ஏன் என்று கேட்பவர்களுக்கு மெஸ்மரின் கடிதத்தைத்தான் காட்ட வேண்டும். 1987இல் மூன்று ஆண்டுக் குடியிருப்பு போதும் என்று வைத்து ஒரு வாக்கெடுப்பு நடந்தது. சுதந்திரக் கட்சிகள் புறக்கணித்தன. பிரான்சோடு இருப்போம் என்று 98 விழுக்காடு வந்தது. அந்த 98ஐ யாரும் மதிக்கவில்லை. மறு ஆண்டே உவேயா தீவின் ஒரு குகையில் 19 கனாக் இளைஞர்களும் இரண்டு படைவீரர்களும் இறந்தார்கள். அதற்கு முன் நான்கு காவலர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். அந்த இரத்தத்துக்குப் பிறகு வந்தவைதான் 1988 மத்தினியோன் உடன்பாடும் 1998 நூமியா உடன்பாடும். வாக்காளர் பட்டியலை உறையவைத்தது அந்தச் சமாதானத்தின் விலை. சுதந்திரம் கேட்டவர்கள் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். இனிமேல் ஆட்களைக் கொண்டுவந்து கொட்டி எங்களை வெல்ல மாட்டீர்கள் என்ற உறுதியைப் பதிலுக்கு வாங்கிக்கொண்டார்கள்.

நம் ஊர்க்காரர் ஒருவருக்கு இதை விளக்குவது எனக்குக் கடினமாகப் படவில்லை. பட்டியலைப் பிரித்து வைத்த பிரெஞ்சு ஆட்சியை நம் தாத்தாக்களும் பார்த்திருக்கிறார்கள். 1881 ஆணையின்படி சாதி, குல வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் ரெனோன்சான்கள் ஆனார்கள். 1884இல் பிரெஞ்சிந்தியாவில் ஐரோப்பியருக்கு ஒன்று, ரெனோன்சான்களுக்கு ஒன்று, மற்ற இந்தியருக்கு ஒன்று என மூன்று வாக்காளர் பட்டியல்கள் வந்தன. அங்கே பட்டியலைப் பிரித்தது, கைப்பிடி ஐரோப்பியருக்கு அளவுக்கு மீறிய இடம் கொடுக்கத்தான். நியூ கலிடோனியாவில் பிரித்தது, சிறுபான்மையாக்கப்பட்ட மண்ணின் மக்களைக் காக்க. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும், நோக்கம் வேறு. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் நம் ஊரின் எதிர்காலம் முடிவானபோது வாக்களித்தவர்கள் மக்கள் அல்ல, 178 பிரதிநிதிகள். 170 பேர் இந்தியாவோடு இணைவோம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். உங்கள் தாத்தா பாட்டியை யாரும் கேட்கவில்லை. ஒரு மண்ணின் தலையெழுத்தை எழுதும்போது யாரைக் கேட்பது என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல.

இப்படி வாக்கைக் கட்டுப்படுத்தும் கடல்கடந்த ஆட்சிப்பகுதி இது ஒன்று மட்டும் அல்ல. பிரிட்டனின் பெர்முடாவில் பெர்முடியர் என்ற நிலை இருந்தால்தான் வாக்கு. அந்த நிலை இல்லாமல் 1976 மே 1 அன்று பட்டியலில் இருந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. அங்கேயும் ஒரு தேதி உறைந்து கிடக்கிறது. அமெரிக்காவின் குவாமில், தீவின் எதிர்காலம் குறித்த வாக்கெடுப்பை மண்ணின் மக்களுக்கும் அவர்கள் வழித்தோன்றல்களுக்கும் மட்டும் என்று வைத்தார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019இல் அது இனவழிப் பாகுபாடு என்று ரத்து செய்தது. நியூ கலிடோனியாவின் விதி இனத்தைக் கேட்பதில்லை, குடியிருப்பைக் கேட்கிறது. பக்கத்து வீட்டு ரீயூனியன்காரர் கனாக் அல்லர், ஆனாலும் அவர் பட்டியலில் இருக்கிறார். நீதிமன்றங்களில் இந்த விதி தாக்குப்பிடித்ததற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

வழக்கு பற்றிக் கேட்டீர்கள். என் கருத்து தெளிவானது: பணம் போடாதீர்கள். உங்கள் நண்பர்கள் நினைக்கும் வாதம் ஏற்கெனவே வைக்கப்பட்டுவிட்டது. சிலர் ஐநா மனித உரிமைக் குழுவிடம் போனார்கள். சுயநிர்ணயத்துக்கான வாக்கெடுப்பில் இப்படி ஒரு வரம்பு வைப்பது சிவில், அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையை மீறுவது ஆகாது என்று 2002இல் குழு சொன்னது. 1990களின் நடுவில் அங்கே பணிக்கு வந்த பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் மாகாணப் பட்டியலுக்காக ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார். அந்த மண்ணின் வரலாறும் தகுதிநிலையும் பத்து ஆண்டுக் கட்டுப்பாட்டுக்கு இடம் தருகின்றன என்று 2005 ஜனவரியில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு இது அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டுவிட்டது. உள்ளூர் நீதிபதி எவ்வளவு இரக்கமுள்ளவராக இருந்தாலும் அரசியலமைப்பைத் தள்ளிவைக்க அவருக்கு அதிகாரம் இல்லை.

சட்டம் சொல்வதைச் சொல்லிவிட்டேன். சரியா என்றும் கேட்டீர்கள் அல்லவா? உங்களைப் பொறுத்தவரை விதி நியாயமானது என்றே நினைக்கிறேன். நீங்கள் 2006இல் வேலை தேடி வந்தபோது அந்த உடன்பாடு எட்டு ஆண்டாக அங்கே இருந்தது. மற்றவர்கள் இரத்தம் சிந்திச் செய்துகொண்ட சமாதானத்துக்குள் நீங்கள் குடிபுகுந்தீர்கள். அதன் நிபந்தனைகளை மதிப்பதே முறை. நீங்களும் அதைப் பெருந்தன்மையோடு ஏற்றிருக்கிறீர்கள் என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

உங்கள் மகன் விஷயத்தில் என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. அவர் எங்கிருந்தும் வரவில்லை. மெஸ்மரின் கடிதம் பேசிய குடியேற்றத்துக்கும் நூமியாவில் பிறந்த குழந்தைக்கும் என்ன தொடர்பு? உறைந்த பட்டியல் ஓர் இடைக்கால ஏற்பாடாகவே எழுதப்பட்டது. இருபது ஆண்டுக்குள் வாக்கெடுப்பு நடந்து முடிவு தெரிந்துவிடும் என்ற எண்ணத்தில் செய்தார்கள். 2018இல் பிரான்சோடு இருப்போம் என்றவர்கள் 56.67 விழுக்காடு, 2020இல் 53.26. 2021 டிசம்பரில் கோவிட் துக்கத்தில் இருந்த கனாக் கட்சிகள் ஒத்திவைக்கக் கேட்டும் நடத்தினார்கள். அவர்கள் புறக்கணிக்க 96.5 விழுக்காடு வந்தது, ஆனால் வாக்களித்தவர்கள் 44 விழுக்காடுதான். முடிவு தெரிந்தும் தெரியாத நிலை. இடைக்காலம் நீண்டுகொண்டே போகிறது, அதற்குள் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். 1999இல் பொதுப் பட்டியலில் இருந்தவர்களில் எட்டு விழுக்காட்டுக்கும் குறைவானவர்களே மாகாணப் பட்டியலுக்கு வெளியே இருந்தார்கள். 2023இல் அது ஐந்தில் ஒருவர் என்ற அளவுக்கு வந்துவிட்டது. அதில் அங்கேயே பிறந்தவர்களும் ஆயிரக்கணக்கில் அடக்கம். அவர்களையும் வந்தேறிகளாக எண்ணுவதை நூமியா உடன்பாட்டின் உணர்வே ஏற்காது. அந்த உடன்பாடு பேசியது அங்கே வாழும் எல்லோரும் சேர்ந்து ஒரு பொதுத் தலைவிதியைக் கட்டுவது பற்றி.

அப்படியானால் 2024இல் திருத்தம் ஏன் தீப்பிடித்தது என்று கேட்பீர்கள். அந்த மசோதா இரண்டு பிரிவினரைச் சேர்க்க நினைத்தது: அங்கே பிறந்தவர்கள், குறைந்தது பத்து ஆண்டு தொடர்ந்து குடியிருப்பவர்கள். இரண்டும் சேர்த்துச் சுமார் 25,000 பேர் என்று அப்போது கணக்கிட்டார்கள். அதில் உங்கள் குடும்பம் முழுவதும் வந்திருக்கும். ஆனால் உள்ளூர் உடன்பாடு இல்லாமல், பாரிஸ் தானாக முடிவெடுத்து, பெரிய பேச்சுவார்த்தையிலிருந்து இந்த ஒன்றை மட்டும் பிய்த்தெடுத்து நிறைவேற்றப் பார்த்தது. மே 13 அன்று நூமியா எரியத் தொடங்கியது. அதன்பின் நடந்ததை நீங்கள் சன்னல் வழியாகவே பார்த்திருப்பீர்கள், நான் சொல்ல வேண்டியதில்லை. ஜூனில் அதிபர் மக்ரோன் மசோதாவை நிறுத்திவைத்தார். அக்டோபரில் பிரதமர் பார்னியே அதைக் கைவிடுவதாக அறிவித்தார். 2025 ஜூலை 12 அன்று பாரிஸுக்கு அருகில் உள்ள பூஜிவாலில் ஒரு புதிய உடன்பாடு கையெழுத்தானது. ஆகஸ்டில் சுதந்திர முன்னணியான எஃப்எல்என்கேஎஸ் அதை நிராகரித்தது. 2024 மே மாதம் நடக்க வேண்டிய மாகாணத் தேர்தல் அந்த ஆண்டு டிசம்பருக்கும், பிறகு 2025 நவம்பருக்கும், பிறகு 2026 ஜூனுக்கும் என மூன்று முறை தள்ளிப்போனது. தேர்தல் வரும்போது பட்டியல் இப்போதிருப்பது போலவே இருக்கும் என்று வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள். திறக்கப்பட்டது என்று யாராவது சொன்னால் அரசிதழில் வந்த பிறகு மட்டும் நம்புங்கள்.

பிறந்தவர்களைச் சேர்ப்பதில் கனாக் தரப்பு முழுதும் எதிராக நிற்கவில்லை என்பதையும் கவனியுங்கள். இதைத் தனியாகச் செய்யாதீர்கள், முழு உடன்பாட்டின் பகுதியாகச் செய்யுங்கள் என்பதுதான் அவர்களில் பலர் சொன்னது. அதனால்தான் நீதிமன்றத்தைவிட உள்ளூர் பேச்சுக்கு அதிக மதிப்புத் தருகிறேன். உங்கள் மகனின் வகுப்பில் கனாக் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். உங்கள் வார்டில் கனாக் செவிலியர்கள் இருப்பார்கள். ‘என் மகன் இங்கே பிறந்தவன், அவனை எப்படிப் பார்க்கிறீர்கள்?’ என்று அவர்களிடம் கேட்க உங்களால் முடியும், பாரிஸில் இருக்கும் வழக்கறிஞரால் முடியாது. வழக்குக்குக் கொடுக்க நினைத்த பணத்தையும் நேரத்தையும் அங்கே பிறந்த பிள்ளைகளுக்காக மட்டும் பேசும் முயற்சியில் போடுங்கள். வெளியிலிருந்து வந்து பத்து ஆண்டு குடியிருந்தவர்களையும் ஒரே மூட்டையில் கட்டினால் எதிர்ப்பு இரட்டிப்பாகும், பிள்ளைகளின் நியாயமும் அதில் மூழ்கும்.

இனி உடனே செய்ய வேண்டியவை. 2026 மார்ச்சில் நகராட்சித் தேர்தல் வருகிறது. அதற்குப் பொதுப் பட்டியல் போதும். உங்கள் மகன் வாக்களிக்கலாம், நிற்கவும் செய்யலாம். 18 நிறைந்தால் பெயர் தானாக ஏறிவிடும் என்று இருந்துவிடாமல், அவரே ஒருமுறை மேரிக்கு, அதாவது நகராட்சி அலுவலகத்துக்குப் போய்ப் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வரட்டும். ஏதாவது தவறு இருந்தால் நாள் இருக்கும்போதே திருத்தலாம்.

உங்கள் மனைவியின் பக்கத்தையும் ஒருமுறை யோசியுங்கள். 1998க்கு முன் அவர் எப்போதாவது நியூ கலிடோனியாவில் குடியிருந்து அங்கே வாக்காளராகப் பதிவு செய்திருந்தாரா? நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இல்லை என்றே தோன்றுகிறது. அப்படி ஏதும் இருந்திருந்தால் மகனின் நிலைமையே மாறும் என்பதால் கேட்கிறேன். இல்லாததை இருப்பதாகச் சொல்லிப் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன் என்று யாராவது வந்தால் விலகி நில்லுங்கள். சிறப்புப் பட்டியலை நீதிபதி தலைமையிலான குழு சரிபார்க்கிறது. எந்த வாக்காளரும் ஆட்சேபம் எழுப்பலாம். பொய்ச் சான்றுக்குக் குற்ற வழக்கு வரும். அரசு வேலையில் இருக்கும் உங்களுக்கு அந்த ஆபத்து வேண்டாம்.

வேலை விஷயத்தில் ஒரு நல்ல செய்தி உண்டு. நியூ கலிடோனியக் குடிமை என்பது மாகாணப் பட்டியலோடு பிணைந்தது என்பதால், உள்ளூர் வேலைவாய்ப்பில் முதல் முன்னுரிமை அந்தக் குடிமை உள்ளவர்களுக்குத்தான். ஆனால் 2010இல் வந்த சட்டத்தின்படி அவர்களுக்கு அடுத்ததாகக் குடியிருப்பு ஆண்டுகள் கணக்கில் வரும். வேலையின் தன்மையைப் பொறுத்து வேண்டிய ஆண்டுகள் மாறும், உச்சம் பத்து ஆண்டு. அங்கேயே பிறந்து வளர்ந்த உங்கள் மகனுக்கு அந்த வாசல் திறந்தே இருக்கிறது.

அதனால் மோன்பெலியே பயணத்துக்கு முன்பே தாள்களைச் சேர்த்து வைத்துவிடுங்கள். பிறப்புச் சான்று, பாலர் பள்ளி முதல் லிசே (மேல்நிலைப் பள்ளி) வரை ஒவ்வோர் ஆண்டின் பள்ளிச் சான்று, உங்கள் வாடகை ஒப்பந்தங்கள், வரி ரசீதுகள், மின்கட்டண ரசீதுகள். அங்கே ஏற்கெனவே குடியிருந்தவர் படிப்புக்காகவோ சிகிச்சைக்காகவோ வெளியே கழித்த காலம் குடியிருப்பை முறிக்காது என்பது இப்போதைய சட்டத்திலேயே இருக்கும் விதி. புதிய சட்டம் வந்தாலும் அதே விதி தொடர வாய்ப்பு அதிகம். ஆனால் படிப்புக்காகத்தான் போனார் என்று காட்ட வேண்டியது அவர் பொறுப்பு. கல்லூரிச் சேர்க்கைச் சான்றை ஒவ்வோர் ஆண்டும் ஒரு பிரதி வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். வாக்காளர் பதிவை மோன்பெலியேவுக்கு மாற்ற வேண்டாம்; நூமியாவிலேயே இருக்கட்டும். தேர்தல் நாளில் அவர் அங்கே இல்லையென்றால் தமக்குப் பதிலாக இன்னொருவர் வாக்களிக்க முகவர் வாக்கு எழுதிக் கொடுக்கலாம். கிளம்புவதற்கு முன் உள்ளூர் ஜாந்தர்மரியிலோ காவல் நிலையத்திலோ போய்ப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். உங்கள் பெயரையோ அவர் அம்மாவின் பெயரையோ முகவராக எழுதட்டும்.